உன் ஃப்ரிட்ஜில் முப்பத்தொரு பாத்திரம்

என் அருமை லூர்து அக்காவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்கு நம் சர்ச் வெளியிடும் பங்கு மலரில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். 'பக்தியும் பொறுமையும் நிறைந்தவர்' என்று தொடங்கிப் பார்த்தேன். பக்தி சரி. பொறுமை என்று எழுதக் கை வரவில்லை. ஐம்பது வயதுத் தம்பியைத் துடைப்பத்தோடு தெருமுனை வரைக்கும் துரத்தியவள் நீ. அதனால் நேராக உனக்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். ஒரு பக்கத்தில் அடங்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சொல்ல வந்தது உன் ஃப்ரிட்ஜைப் பற்றி. சிரிக்காதே அக்கா. அதை வைத்துத்தான் போன மாதம் உன் வீடே ஆட்டம் கண்டது.

ஒரு சனிக்கிழமை காலையில் மாமா போன் செய்தார். "டேய் ஆரோக்கியம், ஃப்ரிட்ஜு கூலிங் ஆவ மாட்டேங்குதுடா. கேஸு போயிட்ச்சின்னு நெனிக்கிறேன். வந்து இன்னான்னு பாரு" என்றார். குரலில் ஒரு ஆசை இருந்தது. கேஸ் போயிருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் ஆசைப்பட்டு நான் கேட்டதே இல்லை.

சென்னை பாடியில் இத்தனை வருடமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 'கூலிங் இல்லை' என்று போன் வந்தால் பெரும்பாலும் மெஷினில் ஒன்றும் இருக்காது. உள்ளே குளிர்காற்று வரும் ஓட்டைக்கு முன்னால் யாராவது ஒரு குண்டானை வைத்து அடைத்திருப்பார்கள். நான் அதை நகர்த்தி வைப்பேன். இதற்காகவா வந்தான் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று, பின்பக்கம் போய் ஸ்க்ரூடிரைவரால் நாலு தட்டுத் தட்டிவிட்டு வருவேன். இதைப் பங்கு மலரில் எழுதியிருக்கக் கூடாது.

கொரட்டூருக்கு வந்து உன் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தேன். திறந்த வேகத்தில் ஒரு டிபன் டப்பா என் கால் கட்டைவிரலில் விழுந்தது. உள்ளே விரல் நுழைய இடமில்லை. தூக்கு, கேரியர், சம்படம், பிளாஸ்டிக் டப்பா, ஒன்றின் தலைமேல் ஒன்று. ஆறு வீட்டு சாம்பார். எந்த வாரத்தது என்று தெரியாத கறிக்குழம்பு. பூசணிக் கூட்டின் மேல் வெள்ளையாக முடி முளைத்திருந்தது. மூலைக்கு மூலை தேங்காய் மூடி, மொத்தம் ஒன்பது. கீரைக்கட்டு ஒன்று கறுத்துத் தண்ணீராகிக் கீழ்த்தட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா மாமா இது?" என்றேன்.

"நான் இன்னாடா பண்றது? குடுக்கிறாங்க, வாங்கி வெக்கிறேன்" என்றார், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு.

குடுக்கிறவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். உன்னோடு வாராவாரம் ஜெபம் சொன்ன அன்பியத்துப் பெண்கள்தான். நீ போன மறுவாரமே, அன்பியத் தலைவி ஃபிலோமினா கூட்டம் போட்டு, 'சகாயம் அண்ணனுக்குச் சமைக்கத் தெரியாது, முறை வைத்துக்கொண்டு சாப்பாடு குடுப்போம்' என்று தீர்மானம் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டு தனலட்சுமி அன்பியத்தில் இல்லை. அவர்கள் ஏரிக்கரையில் நெல் போட்ட காலத்திலிருந்து இங்கே இருக்கிற குடும்பம், சாமி வேறு. ஆனால் தெருவில் எல்லோரும் குடுக்கும்போது தான் மட்டும் பின்தங்குவதா என்று அவளும் முறை இல்லாமலே தினம் ஒன்று அனுப்ப ஆரம்பித்தாள். பஸ்ஸில் நூறு பேரை 'உள்ள போ, உள்ள போ' என்று அதட்டி ஓட்டிய உன் புருஷனுக்கு, ஒரு கிண்ணம் ரசத்தை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சரி, சாப்பாட்ட வுடு. டப்பாவயாச்சும் திருப்பிக் குட்த்திருக்கலாம்ல?"

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெறும் டப்பாவ எப்டிடா குடுக்கிறது? உங்கக்கா என்னிக்காச்சும் வெறும் டப்பா குட்த்து பாத்துகிறியா?"

நீ குடுத்ததே இல்லை. வந்த பாத்திரம் வெறுமனே திரும்பினால் அந்த வீட்டு உறவே திரும்பிவிட்டதாக அர்த்தம் உனக்கு. ஒன்றுமே இல்லாத நாளில்கூட நாலு வாழைப்பழம் வைத்தாவது அனுப்புவாய். ஆக, மாமாவுக்குச் சமைக்கத் தெரியாது. சமைக்காததால் பாத்திரத்தை நிரப்ப முடியாது. நிரப்பாததால் திருப்ப முடியாது. பாத்திரம் திரும்பி வராததால் அந்தப் பெண்கள் வீட்டிலிருக்கும் அடுத்த பாத்திரத்தில் போட்டு அனுப்பினார்கள். இப்படியே போனால் கொரட்டூரில் யார் வீட்டிலும் சமைக்கச் சட்டி இருந்திருக்காது. கெட்டுப்போனதை மாமா விடியற்காலையில் பையில் போட்டுக்கொண்டு போய்த் தெருநாய்களுக்கு வைத்திருக்கிறார். வாசலில் ஐந்து நாய்கள் வயிறு தரையில் படும்படி படுத்திருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அப்புறம்தான் முக்கியமான சங்கதியை மெதுவாக அவிழ்த்தார். அதற்கு முந்தின வாரம் பழைய இறால் தொக்கைச் சாப்பிட்டு வாந்தி எடுத்து, இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லவே இல்லை. ஓசூரிலிருந்து உன் மகள் ஜெனி பதறி ஓடி வந்து, இந்த ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருவாளாம். அப்போதும் ஃப்ரிட்ஜ் இப்படியே இருந்தால் அப்பாவைக் கையோடு ஓசூருக்கு அழைத்துப் போய்விடுவாளாம், வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவாளாம். அந்த ஞாயிற்றுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

"எப்டியாச்சும் மிஷினு மேல பழிய போடுடா. கேஸு லீக்கு, அதான் கெட்டுப்பூட்ச்சின்னு ஜெனி கிட்ட சொல்லு" என்றார். அந்த ஆசைக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

"ஓசூரு நல்லா குளுகுளுன்னு இருக்கும். போனா இன்னா மாமா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஜெனி ஊடு நல்லாத்தான் கீது. பொண்ணு தங்கமா பாத்துக்கும். ஆனா லூர்து இங்க கீறாளேடா. டெய்லி சாயங்காலம் போய் ரெண்டு நிமிசம் நின்னுட்டு வரேன். நான் ஓசூர் போயிட்டா அவள யாரு பாக்கப் போவா?"

நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் கம்ப்ரஸரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. மாமாவை எப்படியாவது இந்த வீட்டிலேயே இருக்க வைத்துவிட வேண்டும் என்று அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்தேன்.

அன்று முழுக்க அதே வேலை. கெட்டதையெல்லாம் கொட்டிக் கழுவினோம். நல்லதை மட்டும் திரும்ப அடுக்கும்போது, புதிதாக வந்தது பின்னால், பழையது முன்னால் என்று சொன்னேன். மாமாவுக்கு ஏறவில்லை. "டெப்போவுல கடைசியா வந்த வண்டிய முன்னால நிறுத்தினா, மொத டிரிப்பு வண்டி எப்டி மாமா வெளிய வரும்?" என்றேன். அவ்வளவுதான். மனிதர் நிமிர்ந்துவிட்டார். என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தானே அடுக்க ஆரம்பித்தார். கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டு, இன்று சாப்பிட வேண்டியதற்கு மட்டும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழித்து ஒவ்வொரு மூடியிலும் ஒட்டி, 'ஞாயிறு காலை புறப்படும்', 'திங்கள் பகல் புறப்படும்' என்று எழுதினார். கறிவேப்பிலையைச் செய்தித்தாளில் சுற்றி வைத்தார், பச்சைமிளகாயைக் காம்பு கிள்ளி வைத்தார். காற்று வரும் ஓட்டைக்கு முன்னால் ஒரு கை அகலம் காலியாக விட வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "பஸ்ஸு திரும்ப எடம் வோணும்ல" என்று தானே விளக்கம் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் பார்த்தால், கழுவித் துடைத்த முப்பத்தொரு பாத்திரம் கூடத்தில் வரிசையாக நின்றது. இவற்றை உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எல்லாம் வினையானது அங்கேதான்.

நான் கெட்டிக்காரத்தனமாக நினைத்தது இதுதான்: எவர்சில்வர் பாத்திரம் என்றால் பேர் வெட்டியிருக்கும். யார் பேர் இருக்கிறதோ அவர்கள் பாத்திரம். இதிலென்ன கஷ்டம்? திங்கட்கிழமை வேலப்பன்சாவடியில் ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் இருந்தது. முப்பத்தொன்றில் ஒரு அடுக்குக் கேரியரில் 'ம. அருளப்பன், நூம்பல்' என்று அழகாக வெட்டியிருந்தது. நூம்பல் பக்கத்தில்தானே என்று வண்டியில் மாட்டிக்கொண்டு போனேன். விசாரித்து வீட்டைப் பிடித்தேன். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்தார். "உங்க கேரியர் சார். கொரட்டூர்லேர்ந்து திருப்பிக் குட்த்தாங்க" என்று கையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் தன் பேரைப் படித்தார். நாலு அடுக்கையும் திறந்து பார்த்தார். காலி. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்கண்ணன் பொண்ணு ஃபிலோமினா கண்ணாலத்துக்கு நான் பேரு வெட்டி மொய்யா வெச்சதுபா. இன்னாபா ஆச்சி? அந்த ஆளு அவள தள்ளி வெச்சிட்டானா? சீரெல்லாம் திருப்பி அனுப்புறானா?"

அக்கா, என் வீட்டிலும் பாத்திரம் இருக்கிறது. அதில் நீ வெட்டிக் குடுத்த பேர் இருக்கிறது, என் மாமனார் பேர் இருக்கிறது, பேரே மறந்துபோன யார் யாரோ பேரெல்லாம் இருக்கிறது. என் பேர் ஒன்றில்கூட இல்லை. கொடுத்தவர் பேரைத்தான் வெட்டுவார்கள், வைத்திருப்பவர் பேரை அல்ல என்பது மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் தெரியாமல் போனது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் வேலை முடித்துக் கொரட்டூர் வருவதற்குள் அவர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். ஃபிலோமினாவின் வீட்டுக்காரர், பாவம், வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தவர், எதற்கென்றே தெரியாமல் சட்டைக் காலரைப் பிடி கொடுத்துக்கொண்டு நின்றாராம். "இத்தினி வருசம் கழிச்சி இன்னாடா கொற கண்டுபிட்ச்ச எங்க பொண்ணு மேல?" என்று கேட்டாராம் பெரியவர். வீட்டுக்காரரும் ஏதோ குறை இருக்கிறதா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டாராம். யோசித்ததற்காக ஃபிலோமினா இன்னும் அவரோடு சரியாகப் பேசவில்லை என்று கேள்வி.

அடுத்த பத்தாவது நிமிடம் ஃபிலோமினா கேரியரும் கையுமாக உன் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் மாமாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"ஆரோக்கியம், கேரியர நூம்பல்ல குட்த்தத கூட மன்னிச்சிடுவேன். எங்க சித்தப்பா எங்க ஊட்டுக்காரர் சட்டய பிட்ச்சத கூட மன்னிச்சிடுவேன். வெறுசா குட்த்தியேடா! லூர்து அக்கா ஊட்லேர்ந்து வெறும் கேரியரா வரும்?"

நான் தரையைப் பார்த்தேன். மாமாதான் முன்னால் வந்தார். "தப்புதாம்மா. சனிக்கெயம எல்லாரையும் வரச் சொல்லு. அவங்கவங்க பாத்திரத்த பாத்து எட்த்துக்கட்டும். ஒண்ணுகூட வெறுசா போவாது" என்றார். ஃபிலோமினா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர் முப்பத்தொரு பாத்திரத்தை நிரப்புகிறேன் என்கிறார்.

உன் புருஷன் என்ன செய்தார் தெரியுமா? சுண்டல். தேங்காய் மூடி ஒன்பதில் நாலு நன்றாக இருந்தது, அதை வீணாக்கக் கூடாது என்பதுதான் காரணம். கொண்டைக்கடலையை முதல் நாளே ஊற வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஊறினது போதும் என்று குக்கரில் போட்டுவிட்டார். எத்தனை விசில் விட்டும் கடலை அசைந்துகொடுக்கவில்லை.

சனிக்கிழமை கூடம் நிறையப் பெண்கள். நெளிவைப் பார்த்தும், அடியில் வைத்த நகப்பாலிஷ் பொட்டைப் பார்த்தும் ஒவ்வொருவரும் தன் தன் பாத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். பேரைப் படித்துப் பார்த்தவர் ஒருவருமில்லை. அவர்கள் முன்னாலேயே மாமா ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சுண்டல் போட்டு மூடிக் குடுத்தார். தனலட்சுமி வாங்கிக்கொண்டு, "இன்னாண்ணே, நவராத்திரி வர்றதுக்குள்ள கொலு வெச்சிட்டீங்களா?" என்றாள். ஃபிலோமினா அங்கேயே ஒரு வாய் போட்டுக் கடித்தார். கடித்தவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். பிறகு, "நல்லா கீதுண்ணே" என்றார். அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்தப் பொய்யோடு போய்விட்டது. சுண்டல் இன்னும் மிச்சமிருந்தது. அதை உன் சொந்தக் கிண்ணங்களில் போட்டு மேலும் நாலு வீட்டுக்கு அனுப்பினார் மாமா. அனுப்பாதே என்று நான் தடுத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேராக ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஒரு பால் பாக்கெட், நாலு தக்காளி, 'ஞாயிறு பகல் புறப்படும்' என்று ஒட்டிய ஒரு கிண்ணம் சுண்டல். எப்படி, என்று நான் பெருமையாகப் பார்த்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"டாடி, ஒண்ணுமே இல்லையே உள்ள! பட்டினி கெடக்கிறீங்களா? நான் சொன்னேன்னு எல்லாத்தையும் நிறுத்திட்டீங்களா? கெளம்புங்க, இப்பவே போலாம்."

நிறைந்திருந்தாலும் அழைத்துப் போவாள், காலியாக இருந்தாலும் அழைத்துப் போவாள் என்றால் ஒரு மெக்கானிக் என்னதான் செய்வது? நான் வாயைத் திறப்பதற்குள் வாசல் மணி அடித்தது. உன் கிண்ணம் ஒன்று திரும்பி வந்திருந்தது, நிறைய வஞ்சிரம் வறுவலோடு. அவர்களும் வெறும் கிண்ணம் குடுக்க மாட்டார்களே. அடுத்தது எலுமிச்சைச் சாதம். மூன்றாவது, தனலட்சுமி வீட்டுக் கருவாட்டுக் குழம்பு. ஜெனியின் அழுகை நின்றுவிட்டது. ஃப்ரிட்ஜ் தன் கண்ணெதிரே மறுபடி நிறைவதை அவள் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது மணிக்கு மாமா போனார். ஃபிலோமினா, அதே கேரியர், நாலு அடுக்கிலும் பிரியாணி.

"ஃபிலோமினா, இன்னிக்கு வாணாம்மா. தனலட்சுமி குட்த்தது கீது. நீ வியாழக்கிழம குடு" என்றார் மாமா. கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அளவா குடும்மா. ஒரு ஆளுக்குப் போதும்" என்றார்.

ஒரு ஆள் என்று அவர் வாயால் சொல்லி நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால், அத்தனை வீட்டிலும் பழக்கதோஷத்தில் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஃபிலோமினா தலையாட்டிவிட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு திரும்பினார். நடை மட்டும் தளர்ந்திருந்தது.

ஜெனி அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "இவ்ளோ நல்ல சாப்பாடு தினம் வந்துதே, ஏன் டாடி சாப்டாம வெச்சீங்க?"

"மூடிய தொறப்பேன்மா. பாப்பேன். மூடிருவேன். எதிர்ல ஆளு இல்லாம உள்ள எறங்க மாட்டேங்குது."

நான் தட்டை மாற்றினேன், பிளாஸ்திரி ஒட்டினேன், காற்றுக்கு வழி விட்டேன். கோளாறு அங்கேயெல்லாம் இல்லை. நானும் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, வாசலில் நின்றபடியே 'இன்னா மாமா, சௌக்கியமா?' என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா, இன்னும் இருக்கிறது.

ஜெனி ரொம்ப நேரம் யோசித்தாள். "சரி டாடி, இங்கயே இருங்க. ஆனா வாரத்துல ரெண்டு நாளாச்சும் யாராவது உங்ககூட ஒக்காந்து சாப்புடணும். இல்லைன்னா நான் வந்து இட்டுகினு போயிடுவேன்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். மாமாவும் என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மதியம் கடையைப் பூட்டிவிட்டு நேராக உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். செவ்வாய் பிரச்சினையில்லை, தெருவிலிருந்து அளவாக ஏதாவது வரும், ஆளுக்குப் பாதி. வெள்ளிக்கிழமை மாமா தன் கையால்தான் செய்வேன் என்கிறார். சுண்டல் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்ள மறுக்கிறார். கடலையை முதல் நாளே ஊறப் போடச் சொன்னால், 'ஃபிலோமினாவே நல்லா கீதுன்னு சொல்லிச்சி, நீ இன்னாடா' என்கிறார். இரண்டு தட்டு வைக்கிறார். எதிரில் உட்காரச் சொல்கிறார். நான் ஒரு வாய் எடுத்து வைத்த பிறகுதான் அவர் கை தட்டுக்குப் போகிறது. அப்புறம் நன்றாகச் சாப்பிடுகிறார் அக்கா, மறுசோறு கேட்கிற மாதிரி.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பல் டாக்டர் இப்போதே கடைவாய்ப் பக்கம் ஒன்று ஆடுகிறது என்று சொல்லியிருக்கிறார். ஆடட்டும். என் வாயில் ஒரு பல் இருக்கிற வரைக்கும், மாமாவை எதிரில் ஆளில்லாமல் தட்டின் முன்னால் உட்கார விட மாட்டேன்.

உன் கூடப்பிறந்த கடைக்குட்டித் தம்பி,
ஆரோக்கியம்